மூன்று மணி நேரக் கச்சேரிக்கு எந்தக் கேமரா?

"வீடியோ எடுக்க நல்ல கேமரா எது?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு நேரம் ஓடணும், எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கணும்? யூடியூப் விமர்சனங்களில் வருகிற கேமராக்கள் பெரும்பாலும் பத்து இருபது செகண்ட் துண்டுகளாக எடுத்து ஒட்டுகிற வேலைக்கானவை. சபாக் கச்சேரி, பரதநாட்டிய அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா, விடிய விடியக் கூத்து என்று மேடையை முழுசாகப் பதிவு செய்கிறவருக்கு அந்த விமர்சனம் பாதிக்கு மேல் உதவாது. இந்தப் பதிவு மேடை வேலைக்கு மட்டும்.

நேரத்திலிருந்து ஆரம்பிப்போம். அரங்கேற்றத்தில் வர்ணம் அரை மணிக்கு மேல் போகும். நடுவில் கேமரா நின்றுவிட்டது, மறுபடி ஆடும்மா என்று சொல்ல முடியாது. கச்சேரியில் பாடகர் ராகம் தானம் பல்லவி எடுத்துவிட்டால், தனி ஆவர்த்தனம் முடிந்து துக்கடாவுக்கு வரும்வரை பேட்டரி மாற்றக்கூட இடைவெளி கிடைக்காது. ஆக, ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் ஓடாத கேமராவை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வேலைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பழைய ஸ்டில் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 செகண்டில் தானாக நின்றுவிடும். அது கோளாறில்லை. தொடர்ந்து 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்கிற கருவியை வீடியோ கேமராவாகக் கணக்கெடுத்து ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி போட்டது. அதிலிருந்து தப்பிக்கத்தான் கம்பெனிகள் ஒரு செகண்டுக்கு முன்னால் நிறுத்தின. 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 இன்னும் மோசம்: ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டதும் நின்றுவிடும், சுமார் 12 நிமிடம்தான். பானசோனிக் ஜிஎச்5 (2017), சோனி ஏ6400 (2019) போன்றவற்றில் இந்த வரம்பு கிடையாது. புதிய மாடல்கள் பலவற்றிலும் கிடையாது. செகண்ட் ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த ஸ்டில் கேமரா) மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வரம்பு இல்லை என்றாலும் சூடு உண்டு. 2020இல் வந்த கேனன் ஆர்5, 8கேயில் சுமார் 20 நிமிடம்தான் ஓடும் என்று கேனனே அறிவித்தது, அதுவும் 23 டிகிரி அறையில். சித்திரை மாதம் திறந்தவெளிப் பந்தலில் 23 டிகிரிக்கு எங்கே போவது? உள்ளே விசிறி வைத்த சோனி எஃப்எக்ஸ்30, பானசோனிக் எஸ்5 இரண்டாம் மாடல் போன்றவை இந்தத் தொல்லையிலிருந்து பெரிதும் தப்பித்தவை. விசிறி இல்லாத சோனி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) என்றால் மெனுவில் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்' என்பதை 'ஹை' ஆக்குங்கள், திரையை உடம்பிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், வெயில் நேராக விழாமல் குடை பிடியுங்கள். அப்படியும் சந்தேகமென்றால் 4கேயை விட்டு ஃபுல் எச்டிக்கு இறங்குங்கள். நின்றுபோன 4கேயை விட ஓடி முடிந்த எச்டி ஆயிரம் மடங்கு மேல்.

மின்சாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சோனி இசட்வி-இ10இல் வரும் எஃப்டபிள்யூ50 பேட்டரி 1020 எம்ஏஎச்தான். சோனி சொல்லும் கணக்கே தொடர்ந்து எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அடுத்து வந்த இசட்வி-இ10 இரண்டாம் மாடலில் இருக்கும் எஃப்இசட்100, அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். முதல் மாடல் வைத்திருப்பவர்கள் சாதாரணமாக டம்மி பேட்டரி (பேட்டரி வடிவில் வயரோடு வரும் கட்டை) வாங்கி ப்ளக் பாயின்ட்டில் சொருகிவிடுவார்கள். ஜெனரேட்டருக்கு மாறும் ஒரு நொடியில் கரண்ட் போனால் டம்மி பேட்டரி கேமராவை அப்படியே அணைத்துவிடும். அதோடு, ஃபைலை முறையாக மூட நேரமில்லாததால் அதுவரை எடுத்தது திறக்காமலும் போகலாம். உள்ளே உண்மையான பேட்டரியை வைத்துக்கொண்டு யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுத்தால் கரண்ட் போனதே கேமராவுக்குத் தெரியாது. டம்மிதான் வேண்டும் என்றால் அதைச் சுவரில் சொருகாமல் பவர் பேங்க்கில் சொருகுங்கள்.

அடுத்தது தூரம். மெகாபிக்சலை மறந்துவிட்டு ஒரு சின்னக் கணக்கைப் போடலாம். கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சில்லான சென்சாரின் அகலத்தை (மி.மீ.) மேடைக்குள்ள தூரத்தால் (மீட்டர்) பெருக்கி, லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால், படத்தில் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்று வந்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சார் 23.5 மி.மீ., ஃபுல் ஃபிரேம் 36, 'ஒன் இன்ச்' என்று விற்பது உண்மையில் 13.2 (அந்தப் பெயர் பழைய கேமராக் குழாய்களின் அளவிலிருந்து வந்தது, அங்குலக் கணக்கு பார்க்காதீர்கள்).

சபாவில் நடுவரிசைக்குப் பின்னால் இடம் கொடுக்கிறார்கள், மேடை 15 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 23.5 × 15 ÷ 50, ஏழு மீட்டர் அகலம் விழும். பாடகர், வயலின், மிருதங்கம், கடம், பின்னால் தம்பூரா எல்லாம் அடங்கும். பாடகரின் முகபாவம் தெரிய இரண்டு மீட்டர் அகலம் வேண்டுமென்றால் 176 மி.மீ. லென்ஸ் தேவை. ஃபுல் ஃபிரேமில் அதே படத்துக்கு 270 மி.மீ. இந்த அளவில் நல்ல வெளிச்சம் வாங்கும் லென்ஸின் விலையைக் கேட்டுப் பாருங்கள், கேமரா விலை சின்னதாகத் தெரியும். இதே படத்தை ஒன் இன்ச் சென்சார் கொண்ட சோனி ஏஎக்ஸ்700 கேம்கார்டர், தன்னோடு பிறந்த லென்ஸிலேயே எடுத்துவிடும்: அதன் 12 மடங்கு ஜூம் 111.6 மி.மீ. வரை போகிறது, 15 மீட்டரில் 1.8 மீட்டர் அகலம். இன்னும் சின்ன சென்சாரும் 24 மடங்கு ஜூமும் கொண்ட பானசோனிக் எச்சி-எக்ஸ்1500 போன்றவை மண்டபத்தின் கடைசிச் சுவரிலிருந்தும் முகத்தைப் பிடிக்கும்.

கேம்கார்டர் என்றாலே கல்யாண வீடியோக்காரர் காலத்துப் பொருள் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நீண்ட நேரம் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது அது. கட்டை விரலால் மெல்ல அழுத்தினால் மெல்ல நகரும் ஜூம், இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவு, பெரிய பேட்டரி, முழு ஜூமிலும் நகராத ஃபோகஸ்: இதில் எதையும் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். ஸ்டில் கேமரா லென்ஸ்களில் பெரும்பாலானவை ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நழுவும், 3.5–5.6 என்று எழுதிய கிட் லென்ஸில் ஜூம் போகப்போகப் படமே இருட்டும். மிரர்லெஸ்தான் வேண்டும் என்றால் சோனி 18–105 எஃப் 4 போல ஜூம் முழுக்க ஒரே அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சின்னதென்றால் துளை பெரிது) இருக்கும் பவர் ஜூம் லென்ஸைப் பாருங்கள். ஆனால் 15 மீட்டரில் அது 3.4 மீட்டர் அகலத்தோடு நின்றுவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெரிய சென்சாருக்கு இருட்டில் பலம் அதிகம் என்பது உண்மை, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஏபிஎஸ்-சியின் பரப்பு ஒன் இன்ச்சைப் போல மூன்று மடங்கு. ஆனால் எஃப் 4 லென்ஸ் போட்ட ஏபிஎஸ்-சியையும், அகலக் கோணத்தில் எஃப் 2.8 இருக்கும் ஏஎக்ஸ்700ஐயும் பக்கத்தில் வைத்தால் அந்த மூன்று மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடும். முழு ஜூமில் கேம்கார்டர் எஃப் 4.5க்கு இறங்குவதால் அங்கேதான் வித்தியாசம் நன்றாகத் தெரியும், நாலு மடங்கு. கச்சேரி மேடையில் பொதுவாக வெளிச்சம் தாராளம், கேம்கார்டர் போதும். நாட்டியத்தில் சிவப்பு, நீலம் என்று விளக்கை மங்க வைத்து சோக பாவத்துக்குப் போகும்போது சின்ன சென்சார் புள்ளி புள்ளியாகக் கொட்டும். அரங்கேற்றம்தான் முக்கிய வேலை, பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் இடம் கிடைக்கும் என்றால் மிரர்லெஸ் பக்கம் போகலாம்.

எந்தக் கேமராவானாலும் ஆட்டோ எக்ஸ்போஷர் மேடையில் ஏமாற்றும். பின்னால் கறுப்புத் திரை, நடுவில் ஒரு ஸ்பாட் லைட் என்றால் கேமரா திரையைப் பார்த்து இருட்டு என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டும்; முகம் சுண்ணாம்பாக வெளுக்கும். மேனுவலுக்கு மாறி, ஜீப்ராவை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 95இல் வையுங்கள். கோடுகள் நெற்றிச்சுட்டியிலும் புடவைச் சரிகையிலும் மட்டும் மின்ன வேண்டும். கன்னத்தில் வந்தால் குறையுங்கள். ஒயிட் பேலன்ஸையும் (விளக்கின் நிறத்துக்கேற்ற அமைப்பு) பூட்டிவிடுங்கள், ஹாலஜன் விளக்கென்றால் 3200, வெள்ளை எல்இடி என்றால் 5600 கெல்வின் பக்கம். ஆட்டோவில் விட்டால் சிவப்பு விளக்கை 'சரி செய்ய' முயன்று, விளக்கு மாறியதும் பாடகரை நீலமாக்கும். எஸ்-லாக் போன்ற லாக் ப்ரொஃபைல் (நிறத்தை எடிட்டிங்கில் சேர்ப்பதற்காக வெளிறலாக எடுக்கும் முறை) இந்த வேலைக்கு வேண்டாம்; இருட்டு மேடையில் இரைச்சலைக் கூட்டும், நிறப் படிகள் குறைவான 8 பிட் கேமராவில் வெற்றுத் திரை வரி வரியாகப் பிரியும்.

இனி நம் ஊர்க் கரண்ட். இங்கே 50 ஹெர்ட்ஸ், அதனால் சாதாரண விளக்கு செகண்டுக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் (ஒரு பிரேம் ஒளி வாங்கும் நேரம்) 1/50 செகண்ட் என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், 1/100 என்றால் ஒன்று. 1/60இல் ஒன்றரைக்கும் சற்று மேல் விழும். ஒரு பிரேமில் கூட, அடுத்ததில் குறைய என்று படத்தின் மேல் பட்டை பட்டையாக நிழல் ஓடும். எடிட்டிங்கில் இதை முழுசாக எடுக்க முடியாது. ஆகவே கேமராவை பிஏஎல் முறைக்கு (50 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) மாற்றி 25 அல்லது 50 பிரேமில் எடுங்கள். சில மாடல்களில் இந்த மாற்றத்துக்குக் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும், அதனால் விழாவுக்குக் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் கேமரா சொல்லிவிடுபவர்கள் கவனிக்க: சோனி மிரர்லெஸ்ஸில் மெனுவிலேயே பிஏஎல், அமெரிக்க முறையான என்டிஎஸ்சி இரண்டும் இருக்கும், ஆனால் அங்கே விற்கும் சோனி ஹேண்டிகேம் கேம்கார்டர்களில் என்டிஎஸ்சி மட்டுமே இருக்கும். ஏற்கெனவே அப்படி ஒன்று கையில் இருந்தால் 60 பிரேமில் ஷட்டரை 1/100இல் நிறுத்துங்கள், பட்டை போய்விடும்.

மலிவு எல்இடி விளக்குகள் இந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. டிம்மர் போட்டு மங்க வைக்கும்போது அவை வேறு வேகத்தில் அணைந்து எரியும். அதற்கு ஷட்டரை 1/50, 1/51 என்று நுணுக்கமாக நகர்த்தும் வசதி கேமராவில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பின்னால் எல்இடி சுவர் இருந்தால் ஷட்டரை 1/50க்கு மேல் ஏற்றாதீர்கள், ஃபோகஸை அதன் மேல் விடாதீர்கள். நெளி நெளியாக வரும் கோலம் பாதி குறையும்.

சத்தம். இதில் கோட்டை விட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண், ஏனென்றால் படம் சுமாராக இருந்தாலும் கச்சேரியைக் கேட்பார்கள், சத்தம் கெட்டால் ஒரு நிமிடம் கேட்க மாட்டார்கள். 15 மீட்டர் தள்ளி இருக்கும் கேமரா மைக்கில் பாட்டை விட முன் வரிசைத் தாளமும் இருமலும் நன்றாக விழும். மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்க வேண்டும். அங்கேதான் இரண்டு பொறி இருக்கிறது.

முதலாவது அளவு. மிக்சரின் லைன் அவுட் ஒரு வோல்ட்டுக்கு மேல் தள்ளும், மிரர்லெஸ்ஸின் 3.5 மி.மீ. ஓட்டை சில மில்லிவோல்ட் மைக்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நேராகச் சொருகினால் சத்தம் கிழியும். கேமராவில் லெவலைக் குறைத்தாலும் கிழிசல் போகாது, சத்தம் சின்னதாகி அதே கிழிசலோடு வரும், ஏனென்றால் அது லெவல் குமிழுக்கு முன்னாலேயே நிகழ்ந்துவிட்டது. நடுவில் 40 டெசிபல் குறைக்கும் அட்டென்யூவேட்டர் கேபிள் போட்டால் நூறில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டாவது பொறி விழா முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். மிக்சரிலிருந்து வரும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வயரில் ஒரே சத்தம் ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் வரும். கடையில் கிடைக்கும் சாதாரண கன்வர்ட்டர் கேபிள் அவற்றை இடது சேனல், வலது சேனல் என்று போட்டுவிடும். ஹெட்போனில் கேட்டால் கொஞ்சம் பரந்து, ஏதோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள செல்போனில் போட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துப் பாட்டே காணாமல் போகும். பதற வேண்டாம்: எடிட்டிங்கில் வலது சேனலைத் தூக்கிவிட்டு இடதையே இரண்டு பக்கமும் நிரப்பினால் திரும்பி வந்துவிடும்.

எக்ஸ்எல்ஆர் சாக்கெட் உள்ள கேனன் எக்ஸ்ஏ வகைக் கேம்கார்டரில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. சுவிட்சை 'லைன்' பக்கம் தள்ளுங்கள், மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தது. ஒரு சேனலில் மிக்சர், இன்னொன்றில் அரங்கத்தைப் பார்த்து ஒரு மைக் என்று வைத்தால் கைதட்டலும் 'பலே'யும் சேர்ந்து வரும். மிக்சர் சத்தம் மட்டும் இருந்தால் ரேடியோ ஸ்டேஷனில் பாடியது போல வறண்டு இருக்கும். ம்ம்ம் என்று அடித்தளத்தில் ரீங்காரம் கேட்டால் கேமராவை ப்ளக்கிலிருந்து பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுழல் (மிக்சரின் எர்த்தும் கேமராவின் எர்த்தும் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல்), நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போகும். தனி ரெக்கார்டரில் பதிவு செய்து பின்னால் சேர்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. லட்சத்தில் இரண்டு பங்கு பிசகினாலே மணிக்கு 72 மில்லிசெகண்ட், 25 பிரேமில் ஏறத்தாழ இரண்டு பிரேம். பாடகரின் வாயில் தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தில் கை விழுவதும் சத்தமும் விலகுவது பட்டென்று தெரியும். ஒவ்வொரு உருப்படிக்கும் தனியாக ஒட்டவைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ ஃபோகஸைப் பற்றிக் கடையில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். உட்கார்ந்து பாடுகிற கச்சேரிக்கு அது தேவையே இல்லை. முகத்துக்கு முன்னால் மைக் நிற்பதால் அதன் மேல் போய் உட்காரும், வேறு லாபமில்லை. மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டு விடுங்கள். நாட்டியத்துக்கு வேண்டும். பானசோனிக் வாங்குவதானால் ஃபேஸ் டிடெக்ஷன் (முகம் கண்டுபிடிப்பதல்ல, 'phase' என்ற வேகமான ஃபோகஸ் முறை) வந்த எஸ்5 இரண்டாம் மாடலுக்கும் (2023) அதற்குப் பிந்தையவற்றுக்கும் போங்கள், முந்தையவை இருட்டில் முன்னும் பின்னும் தடுமாறும்.

கார்டுக் கணக்கு எளிது. 4கே 100 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு மெகாபிட்) என்றால் மணிக்கு 45 ஜிபி, மூன்று மணி நேரத்துக்கு 135. ஒரு 256 ஜிபி கார்டு போதும். எச்டி 50 எம்பிபிஎஸ் என்றால் அதில் பாதி. எட்டு மணி நேரக் கூத்துக்கே 180 ஜிபிதான். வி30 என்று அச்சிட்ட கார்டு செகண்டுக்கு 30 மெகாபைட், அதாவது 240 எம்பிபிஎஸ் வரை தாங்கும், இதற்கு மேல் காசு கொட்ட வேண்டாம். பழைய ஏவிசிஎச்டி கேம்கார்டர் வைத்திருப்பவர்கள் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஃபைல் உடையும் இடத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்துபோகும், அது எப்போதும் பாட்டின் நடுவில்தான் இருக்கும்.

ட்ரைபாடுக்கு ஃப்ளூயிட் ஹெட் (அதிராமல் மெல்லத் திரும்பும் தலை) வாங்குங்கள், ட்ரைபாடை மேடைப் பலகையோடு ஒட்டிய எந்தத் தளத்திலும் வைக்காதீர்கள். ஜதிக்குத் தட்டும் ஒவ்வொரு அடியும் முழு ஜூமில் படத்தை உலுக்கும். ட்ரைபாடில் ஏற்றியதும் ஸ்டெடிஷாட்டை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். இரண்டாவது ஆள் கிடையாது, ஆனால் இரண்டு கோணம் வேண்டும் என்கிறவர்கள் இன்னொரு 4கே கேமராவை முழு மேடையும் விழும்படி பூட்டி விட்டுவிடலாம். எச்டியில் கொடுப்பதானால் ஏழு மீட்டர் படத்திலிருந்து மூன்றரை மீட்டரைத் தரம் குறையாமல் வெட்டி எடுக்கலாம். செல்போனையும் இதற்கு வைக்கலாம். பிரேம் வேகம் ஏறி இறங்கும் வகைச் செல்போன் என்றால் மட்டும் எடிட்டிங்குக்கு முன் நிலையான 25க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் லென்ஸ் மூடியைப் போட்டு, கெயினை (படத்தைச் செயற்கையாக வெளிச்சமாக்கும் அளவு) உச்சத்துக்கு ஏற்றி ஐந்து நிமிடம் ஓட விட்டுத் திரையைப் பாருங்கள். நகராத வெள்ளைப் புள்ளிகள் பழுதான 'ஹாட்' பிக்சல்கள். பிறகு மூடியை எடுத்து வெள்ளைச் சுவரைக் காட்டுங்கள். நேர்க்கோடோ நிறம் மாறிய கறையோ தெரிந்தால் அந்தக் கேமரா ஏதோ ஒரு மேடையில் லேசர் விளக்கை நேராகப் பார்த்திருக்கலாம், சென்சார் போன கேஸாக இருக்கலாம். மைக் ஜாக்கில் வயரைச் சொருகி, ஹெட்போனில் கேட்டபடியே ஆட்டிப் பாருங்கள், கரகரத்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். லைவ் கொடுக்கும் எண்ணம் இருந்தால் எச்டிஎம்ஐ ஓட்டையையும் அப்படியே. மைக்ரோ எச்டிஎம்ஐ என்றால் முதலில் தளர்வது அங்கேதான். கடைசியாக, அடாப்டரில் ரெக்கார்டு ஓடும்போதே வயரைப் பிடுங்குங்கள். பேட்டரிக்கு மாறி ஓடுகிறதா, பிறகு அந்த ஃபைல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.